அபராதம் போடும் பண்பாடு: வாஷிங்டன் எத்தியோப்பியர்கள்



இந்தப் பேச்சுக்கான அழைப்பிதழில் 'மேலை நாடுகளில் ஆப்பிரிக்கக் குடியேறிகளும் பண்பாட்டு அடையாளமும்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் இந்தத் தலைப்பைத் தாங்காது. ஆப்பிரிக்கா 54 நாடுகள். 1970-இல் அமெரிக்காவில் வாழ்ந்த ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள் சுமார் 80,000 பேர். 2015-இல் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பாரிஸில் மாலிக்காரர்கள், லண்டன் பெக்கமில் நைஜீரியர்கள், மினியாபொலிஸில் சோமாலியர்கள், நியூயார்க்கின் ஹார்லெமில் 116-ஆம் தெருவைச் சுற்றி செனகல்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு கதை. இவர்களையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவது வெள்ளைக்காரன் வரைபடத்தில் கோடு கிழித்த வேலையைப் போன்றது. ஆகவே நான் ஒரு ஊரையும் ஒரு மக்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊர் வாஷிங்டன். மக்கள் எத்தியோப்பியர்கள்.

ஏன் இவர்கள்? பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளுக்கு இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கேரளத்திலிருந்து, ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசு புதிய பல்கலைக்கழகங்களைத் திறந்தபோது மறுபடியும் நம்மை அழைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களில் நானும் ஒருவன். தானா ஏரிக்கரையில் உள்ள பாகிர் தாரில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று வாஷிங்டனிலும் அதை ஒட்டிய மேரிலாந்து, வர்ஜீனியா புறநகர்களிலும் இருக்கிறார்கள். என் மகளும் அங்கேதான் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிற சாக்கில் இவர்கள் வீடுகளுக்கும் போய் வந்ததில் எனக்குத் தோன்றியதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: அந்நிய மண்ணில் ஒரு பண்பாட்டைத் தாங்கிப் பிடிப்பது ஆட்டமும் பாட்டும் உடையும் அல்ல. வராவிட்டால் அபராதம் போடுகிற சங்கங்கள்தான்.

முதலில் இவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்த்துவிடுவோம். 1974-க்கு முன்னால் அமெரிக்காவுக்குப் போன எத்தியோப்பியர்கள் பெரும்பாலும் மாணவர்களும் தூதரகக்காரர்களும். படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்; அங்கே நல்ல பதவி காத்திருக்கும். அமெரிக்காவிலேயே தங்கிவிட்டவனை 'ஏதோ தப்புப் பண்ணியிருப்பான்' என்றுதான் பார்த்தார்கள். 1974 செப்டம்பரில் பேரரசரைக் கவிழ்த்து 'தெர்க்' என்னும் ராணுவக் குழு ஆட்சியைப் பிடித்தது. 1977, 78 ஆண்டுகளில் 'சிவப்புப் பயங்கரம்' என்ற பெயரிலேயே அரசு தன் சொந்த இளைஞர்களைத் தெருவில் சுட்டுப் போட்டது. தப்பியவர்கள் கால்நடையாகச் சூடான் எல்லையைத் தாண்டி முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். அமெரிக்கா 1980-இல் அகதிகள் சட்டம் கொண்டுவந்தபோது அந்த முகாம்களிலிருந்து வாஷிங்டனுக்கு வழி பிறந்தது. மூன்றாவது அலை வேறு வகை. 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் உருவாக்கிய விசாக் குலுக்கல். அதை எத்தியோப்பியாவில் 'டிவி' (DV) என்பார்கள். பள்ளிப்படிப்பு முடித்த எவரும் விண்ணப்பிக்க முடிந்தது. என் வகுப்பில் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்ததைவிட அந்தக் குலுக்கல் முடிவுக்குக் காத்திருந்தவர்கள் அதிகம்.

இந்த மூன்று அலைகளுக்கும் நடுவே பெரிய மனவேறுபாடு உண்டு. இரண்டாவது அலைக்காரர்கள் தெர்க் விழுந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பினார்கள். வீடு வாங்கவில்லை, நல்ல சோபா வாங்கவில்லை. டாக்சி ஓட்டினார்கள், வாகன நிறுத்துமிடங்களில் சீட்டுக் கிழித்தார்கள், இரவில் கணக்கியல் படித்தார்கள். 1991-இல் தெர்க் விழுந்தது. அதற்குள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு. போனவர்கள் கொஞ்சம், போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதிகம். அதன் பிறகுதான் 'நம் வழக்கங்களை இங்கே எப்படி வைத்துக்கொள்வது' என்ற கேள்வியே எழுந்தது. தற்காலிகமாகத் தங்குகிறவனுக்கு அடையாளக் கவலை கிடையாது. அவன் அடையாளம் ஊரில் பத்திரமாக இருக்கிறது. நிரந்தரமாகத் தங்குவது என்று முடிவானபிறகுதான் கவலை பிடிக்கிறது.

சமையலறையிலிருந்து தொடங்குவோம். எத்தியோப்பியரின் சோறு இஞ்செரா. தெஃப் என்ற தானியத்தை மாவாக்கிக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, பெரிய வட்டக் கல்லில் ஒருபக்கம் மட்டும் வேகவைப்பது. மேல்பக்கம் முழுக்கக் கண் கண்ணாக இருக்கும். தட்டும் அதுவே, கரண்டியும் அதுவே. தெஃப் மணி கசகசா அளவுதான். ஒரு கோதுமை மணியின் எடைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தெஃப் மணிகள் வேண்டும். 1980-களில் வாஷிங்டனில் தெஃப் கிடைக்காது. கோதுமை மாவு, பார்லி மாவு, சோடா உப்பு என்று எதையெதையோ கலந்து ஒப்பேற்றினார்கள். அந்த நேரத்தில் எத்தியோப்பியாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வெயின் கார்ல்சன் என்ற அமெரிக்கர், ஐடஹோ மாநிலத்தில் தெஃப் பயிரிட்டுப் பார்த்தார். விளைந்தது. அவர் அதை யாருக்கு விற்றார்? ஊர் ஊராக இருந்த எத்தியோப்பிய, எரித்திரியக் குடும்பங்களுக்கு. எத்தியோப்பிய அரசு 2006-இல் உள்நாட்டு விலையேற்றத்துக்குப் பயந்து தெஃப் ஏற்றுமதியைத் தடை செய்தபோது, வாஷிங்டன் அடுப்புகள் அணையாமல் இருந்ததற்கு ஐடஹோ விவசாயிகளும் ஒரு காரணம். ஒரு மக்களின் ஆதாரமான உணவு, அவர்களைச் சந்தித்தே இராத உழவர்களின் வயலில் விளைகிறது. சுட்ட இஞ்செராவுக்குத் தடை இல்லாததால் அதுவும் அடிஸ் அபாபாவிலிருந்து விமானத்தில் வருகிறது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வயதானவர்கள் விமான இஞ்செராவை முகர்ந்து பார்த்து வாங்குவார்கள்.

சுடுகிற கல்லுக்கும் ஒரு கதை உண்டு. ஊரில் 'மித்தாத்' என்ற களிமண் கல். அமெரிக்க அடுக்ககத்தில் விறகுக்கு எங்கே போவது? நார்வேயிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் 'லெஃப்சே' என்ற உருளைக்கிழங்கு ரொட்டி சுடுவதற்காக வைத்திருந்த பெரிய வட்டமான மின்கல் ஒன்று சந்தையில் இருந்தது. எத்தியோப்பியப் பெண்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை பரணிலிருந்து இறக்குகிற கல், எத்தியோப்பிய வீடுகளில் வாரம் தவறாமல் காய்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை: எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்குப் புதன், வெள்ளி உட்பட ஆண்டில் பாதி நாள் நோன்பு. இறைச்சி, பால், முட்டை, நெய் எதுவும் ஆகாது. அந்த நோன்புத் தட்டு வாஷிங்டன் உணவகங்களில் 'வீகன்' தட்டாகப் பெயர் மாறி விற்பனையாகிறது. சமைப்பவர் விரதத்துக்காகச் சமைக்கிறார், சாப்பிடுபவர் உடம்புக்காகச் சாப்பிடுகிறார். இருவருக்கும் நஷ்டமில்லை.

காப்பிச் சடங்கைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் கடந்துபோகிறேன். பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, புகையைச் சட்டியோடு விருந்தினரிடம் கொண்டுபோய் முகரவைத்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். என் மாணவி வீட்டில் வறுக்கத் தொடங்குமுன் அவள் கணவர் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் கழற்றினார். மூன்றாம் சுற்று முடிந்ததும் மறக்காமல் மாட்டினார். அதுவும் இப்போது சடங்கில் ஒரு படி.

உணவு சுலபம். ருசி இருக்கிறவரை அது தானாக ஓடும். விலை கொடுத்துக் காக்க வேண்டியது மற்றது. அதற்கு எக்குப், இத்திர் என்ற இரண்டு அமைப்புகளைச் சொல்ல வேண்டும்.

எக்குப் நம் ஏலச் சீட்டுக்குப் பங்காளி. குலுக்கல் சீட்டுக்கு இரட்டைப் பிள்ளை. இருபது பேர் சேருவார்கள், மாதம் ஒரு தொகை, குலுக்கலில் பெயர் வந்தவருக்கு மொத்தப் பணம். வாஷிங்டனில் எத்தனையோ டாக்சிகளும் கடைகளும் உணவகங்களும் இந்தப் பணத்தில்தான் வந்தன. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? அவனுக்குக் கடன் வரலாறே கிடையாது. ஆனால் அவன் அப்பா யார், எந்த ஊர், எந்தத் தேவாலயத்துக்குப் போகிறான் என்பதெல்லாம் எக்குப்காரர்களுக்குத் தெரியும். பணம் எடுத்துக்கொண்டு ஓடினால் ஊரில் இருக்கும் அவன் தாய்க்குச் செய்தி போய்விடும். பத்திரமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே அடையாளம் என்பது வெறும் உணர்ச்சி அல்ல. அது ஈடு. அமெரிக்க வங்கி ஏற்காத ஈட்டை எக்குப் ஏற்கிறது.

இத்திர் இதைவிட ஆழமானது. அது சாவுச் சங்கம். மாதாமாதம் சிறு சந்தா. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் சங்கம் ஓடிவரும்: கூடாரம், பாத்திரம், சமையல், சுமக்க ஆள், மூன்று நாள் துக்க வீட்டில் உட்கார ஆள். ஊரில் இத்திர் கூட்டத்துக்கோ இறுதிச் சடங்குக்கோ போகாவிட்டால் அபராதம். வாஷிங்டனில் கூடாரம் கிடையாது, வேறு தேவைகள் முளைத்தன. உடலை ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே புதைப்பதா? அனுப்புவதென்றால் பதப்படுத்த வேண்டும், பெட்டி வேண்டும், தூதரகக் காகிதம் வேண்டும், விமானச் சரக்குக் கட்டணம் கட்ட வேண்டும். தனி ஆளுக்குத் தாங்காது. அதனால் இத்திர் அமெரிக்க மண்ணில் மறுபடி முளைத்தது. சில இத்திர்கள் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்து, வரிக்கணக்கும் தாக்கல் செய்கின்றன. இரவு ஷிப்டில் வாகன நிறுத்துமிடத்தில் நின்றுவிட்டு, காலையில் தூங்காமல் கோட்டு மாட்டிக்கொண்டு, அதிகம் பழகாத ஒருவரின் மாமியார் சாவுக்கு ஒருவன் போகிறான் என்றால் அது பண்பாட்டுப் பெருமிதத்தால் அல்ல. போகாவிட்டால் கேட்பார்கள். நாளைக்குத் தனக்கு ஆள் வராது. அப்படிப் போன இடத்தில்தான் அவன் பிள்ளைகள் ஒப்பாரியைக் கேட்கிறார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொள்கிறார்கள், பெரியவர் வந்தால் எழுந்து நிற்கக் கற்கிறார்கள். எந்தச் சனிக்கிழமை மொழி வகுப்பும் இதைக் கற்றுத்தராது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் இந்த அவையில் இருக்கும் எல்லோருக்கும் அனுபவம் உண்டு. எத்தியோப்பியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதன்பின் அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர். பெக்கெலேயின் மகன் அபெபே என்றால் அவர் அபெபே பெக்கெலே. அவர் மகள் சாரா, ஊர் வழக்கப்படி சாரா அபெபே. கல்யாணம் ஆனாலும் பெண் பெயர் மாறாது. அமெரிக்கப் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்கிறது. அபெபே அதில் பெக்கெலே என்று எழுதுகிறார். அன்றைக்கே பெக்கெலே என்ற தனி மனிதர் ஒரு குடும்பப் பெயராக உறைந்துபோனார். மருத்துவமனையில் மகள் பிறக்கிறாள். பிறப்புச் சான்றிதழில் சாரா பெக்கெலே. அதாவது, பார்த்தே இராத தாத்தா பெயர் ஒட்டிக்கொண்டது, தூக்கிச் சுமந்த அப்பா பெயர் விழுந்துவிட்டது. மாற்றி எழுதினால் பள்ளியில் 'இவள் உங்கள் மகள்தானா' என்று சந்தேகம். மனைவிக்கு வேறு கடைசிப் பெயர் என்பதால் விமான நிலையத்தில் தாயும் பிள்ளையும் விளக்கம் சொல்ல வேண்டும். சிலர் பிடிவாதமாக அப்பா பெயரையே வைக்கிறார்கள்; ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர். என் மாணவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சார், நீங்கள் இனிஷியலை முன்னால் போட்டுத் தப்பித்துக்கொண்டீர்கள்" என்றார். எங்கே தப்பித்தோம்? பாஸ்போர்ட்டில் என் மகளுக்கு நானே கடைசிப் பெயர், என் பேரனுக்கும் நானேதான். நாடு கடந்தவனின் அடையாளத்தை மாற்றுவது பெரும்பாலும் பகைவன் அல்ல. ஒரு குமாஸ்தாவின் படிவத்தில் இருக்கும் கட்டம்.

நாட்காட்டியிலும் அப்படி ஒரு முடிச்சு விழுந்தது. எத்தியோப்பிய ஆண்டுக்கு 13 மாதம். கடைசி மாதத்துக்கு ஐந்து அல்லது ஆறு நாள். நம் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடும். இரண்டாயிரமாவது ஆண்டை அவர்கள் 2007 செப்டம்பரில் கொண்டாடினார்கள். அவர்களுடைய புத்தாண்டு பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் 11-இல் வரும். 2001-க்குப் பிறகு அந்தத் தேதி அமெரிக்காவில் என்னவாயிற்று என்று உங்களுக்குத் தெரியும். அன்று தாக்கப்பட்ட பென்டகன் இருப்பது வர்ஜீனியாவில், எத்தியோப்பியக் கடைகள் நிறைந்த அலெக்சாண்டிரியாவுக்கு அடுத்து. ஊர் கொடியை இறக்கித் துக்கம் காக்கும் நாளில் மஞ்சள் பூவும் புத்தாடையுமாக எப்படித் தெருவில் இறங்குவது? பல குடும்பங்கள் கொண்டாட்டத்தை அடுத்த சனி, ஞாயிறுக்குத் தள்ளிப்போட்டன. யாரும் தள்ளச் சொல்லவில்லை.

இதுவரை 'எத்தியோப்பியர்' என்று ஒரே சொல்லால் சொல்லிவந்தேன். உள்ளே போனால் அந்தச் சொல் பிளக்கிறது. அம்ஹாரா, ஒரோமோ, திக்ராய், குராகே. 1993-இல் தனி நாடான எரித்திரியாவைச் சேர்ந்தவர்கள் வேறு. ஒரோமோக்களில் பலருக்கு, 'எங்கள் மொழியை அமுக்கிய பேரரசின் அடையாளத்தை நாங்கள் ஏன் அமெரிக்காவில் காக்க வேண்டும்' என்ற கேள்வி உண்டு. நியாயமான கேள்விதான். தேவாலயமும் பிளந்தது. 1991-க்குப் பிறகு பதவியிழந்த தலைமைக் குரு மெர்கோரியோஸ் அமெரிக்காவுக்கு வந்து சேர, நாடுகடந்த ஆயர் பேரவை ஒன்று உருவானது. வாஷிங்டன் பகுதியில் ஊர்ப் பேரவைத் தேவாலயம், நாடுகடந்த பேரவைத் தேவாலயம், இரண்டுக்கும் கட்டுப்படாத தேவாலயம் என்று மூன்று வகை. ஒரே வழிபாடு, ஒரே கீஸ் மொழி மந்திரம், ஆனால் வேறு வேறு வாசல். 2018 ஜூலையில் பிரதமர் அபிய் அகமது வாஷிங்டனுக்கே வந்திருந்தபோது இரண்டு பேரவைகளும் சமாதானமாயின. ஊர்ச் சண்டைக்கு உடன்படிக்கை அயலூரில் கையெழுத்தானது. இரண்டே ஆண்டில், 2020 நவம்பரில், திக்ராயில் போர் மூண்டது. 2022 நவம்பரில் பிரிட்டோரியா ஒப்பந்தம் வரும்வரை வாஷிங்டன் தெருக்களில் இரு தரப்பும் தனித்தனியாக ஊர்வலம் போனார்கள். பதினைந்து ஆண்டு நடந்த ஒரு எக்குப் அந்த நேரத்தில் கலைந்தது; அதில் இருந்த என் பழைய மாணவர் சொன்னார், கடைசிச் சுற்றுவரை எல்லோரும் பணத்தை ஒழுங்காகக் கட்டினார்களாம், பேசிக்கொள்ளவில்லையாம். புலம்பெயர்ந்தோர் பண்பாட்டைக் கொண்டாடிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். ஊரோடு உறவு உயிரோடிருக்கிறது என்பதற்கு ஊர்ப் பகையும் ஒரு சான்றுதான்.

இன்னொரு முடிச்சு நிறம். அடிஸ் அபாபாவில் ஒருவனைக் கறுப்பன் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அங்கே ஊர், மொழி, மதம், குலம். அமெரிக்காவில் போலீஸ்காரர் காரை நிறுத்தும்போது இவை எதுவும் தெரிவதில்லை. பெற்றோர் எவ்வளவு 'நாம் வேறு' என்று சொன்னாலும் பிள்ளை பள்ளியில் கறுப்பினத்தவன்தான். அவன் பேச்சும் இசையும் நண்பர்களும் அங்கிருந்தே வருகின்றன. இதைப் பெற்றோர் ஓர் இழப்பாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வரலாறு அவர்கள் நினைப்பதைவிட நெருக்கமானது. 1896-இல் அத்வாவில் இத்தாலியப் படையை எத்தியோப்பியா முறியடித்த செய்தி அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குத் தங்கள் வெற்றியாகவே இருந்தது. 1935-இல் முசோலினி படையெடுத்தபோது ஹார்லெமில் உண்டியல் குலுக்கினார்கள். வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த மெலாக்கு பெய்யன் 1937-இல் நியூயார்க்கில் எத்தியோப்பிய உலகக் கூட்டமைப்பைத் தொடங்கினார். அவர் மனைவி அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி.

அதே ஹோவர்டுக்குப் பக்கத்தில் உள்ளது யூ தெரு. டியூக் எலிங்டன் வளர்ந்த பகுதி, ஒரு காலத்தில் கறுப்பினக் கலைகளின் தலைநகர். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது மூண்ட கலவரத்தில் எரிந்தது. பிறகு மெட்ரோ ரயிலுக்குத் தோண்டியதில் கடைகள் மூடின. பூட்டிக்கிடந்த கட்டடங்களை வாடகைக்கு எடுத்து உணவகமும் மளிகையும் வைத்தவர்களில் எத்தியோப்பியர்கள் முக்கியமானவர்கள். 2005-இல் அங்கே ஒன்பதாம் தெருப் பகுதிக்கு 'லிட்டில் எத்தியோப்பியா' என்று பெயர் வைக்க வேண்டும் என்றார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஃபேர்ஃபேக்ஸ் சாலையின் ஒரு பகுதிக்கு 2002-இலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. வாஷிங்டனில் பழைய குடிகள் எதிர்த்தார்கள்: 'இது எங்கள் வரலாறு படிந்த தெரு. நீங்கள் நேற்று வந்தவர்கள்.' இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. வாடகை இரு தரப்பையும் பார்க்கவில்லை. பகுதி விலையேறியதும் எத்தியோப்பியர்களில் பெரும்பாலோர் சில்வர் ஸ்பிரிங்குக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் நகர்ந்தார்கள்.

இரண்டாம் தலைமுறை என்ன செய்கிறது? மொழியிலிருந்து பார்ப்போம். 2004-இல் வாஷிங்டன் நகரம் கொண்டுவந்த மொழிச் சட்டத்தின்படி அரசு அலுவலகங்களில் அம்ஹாரிக்கிலும் சேவை தர வேண்டும். பெரிய வெற்றி. ஆனால் அது புதிதாக வருகிறவர்களுக்கான மொழி உரிமை. அங்கே பிறந்தவர்களுக்கு ஆங்கிலம் போதும். தேவாலயக் கூடங்களில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 33 அடிப்படை எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம், நம் உயிர்மெய் வரிசையைப் போலச் சுவரில் தொங்கும். பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள், படிப்பதற்கு அவர்களுக்கு வேண்டிய புத்தகம் அதில் இல்லை, மறந்துவிடுகிறார்கள். கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

பெற்றோர் பயந்தால் எதுவரை போவார்கள் என்பதற்குச் சோமாலியர்களைப் பார்க்கலாம். மேலை நாட்டில் கைமீறிப்போகிறான் என்று தோன்றிய பிள்ளையைச் சோமாலியாவுக்கோ கென்யாவுக்கோ அனுப்பிவிடுவது அவர்களிடம் ஒரு வழக்கம். 'டகன் செலிஸ்', பண்பாட்டுக்குத் திருப்புவது, என்று அதற்குப் பெயரே உண்டு. பாட்டி வீட்டில் அன்போடு வளர்ந்து வந்தவர்களும் உண்டு. பூட்டிய விடுதிகளில் அடிபட்டுத் திரும்பியவர்களும் உண்டு. விடுமுறை என்று சொல்லி ஏமாற்றி விமானமேற்றிய பிள்ளைக்குப் பண்பாடு என்ற சொல்லின்மேல் என்ன மதிப்பு இருக்கும்? அனுப்பிய பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. அவர்கள் செய்தது எனக்கு ஒப்பவில்லை.

யாரும் வற்புறுத்தாமல் பிள்ளைகள் தம் பண்பாட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு ஹைலு மெர்கியா. அடிஸ் அபாபாவில் தெர்க் காலத்து ஊரடங்கில் ஹில்டன் ஓட்டலில் இரவெல்லாம் வாசித்த வாலியாஸ் இசைக்குழுவின் கீபோர்டு கலைஞர். 1981-இல் குழு அமெரிக்கா போனது. சிலர் திரும்பவில்லை, இவரும்தான். 1985-இல் அக்கார்டியனும் சின்தசைசரும் வைத்து, தனியாளாக உட்கார்ந்து பழைய மெட்டுகளை ஒரு கேசட்டாகப் பதிவு செய்தார். பிறகு டாக்சி ஓட்டினார். வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில், பேட்டரியில் ஓடும் கீபோர்டை எடுத்துப் பின்சீட்டில் உட்கார்ந்து பழகுவார். 2013-இல் ஒரு சிறு இசை நிறுவனம் அந்தக் கேசட்டை மறுவெளியீடு செய்தது. 2018-இல் 'லாலா பெலு' என்று புதிய தொகுப்பும் வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மேடைகள் அழைத்தன. வாஷிங்டனில் வளர்ந்த எத்தியோப்பிய இளைஞர்கள் பலர், அப்பாவின் காரில் சலித்துக்கொண்டு கேட்ட இசையை, வெள்ளைக்கார இளைஞர்கள் டிக்கெட் வாங்கிக் கேட்பதைப் பார்த்தபிறகுதான் திரும்பக் கேட்கத் தொடங்கினார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் வந்து சேர்ந்தார்களே.

கடைசியாக ஒன்று. போன முறை சென்றிருந்தபோது, என் மாணவர் தன் இத்திர் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். ஒரு தேவாலயத்தின் நிலவறைக் கூடம். மடக்கு நாற்காலிகள், ஃபிளாஸ்கில் காப்பி. செயலாளர் கணக்கு வாசித்தார், மூன்று பேர் தூங்கினார்கள். பிறகு ஒரு தீர்மானம் வந்தது. உறுப்பினர் ஒருவரின் மகள் ஒரு அமெரிக்கரைக் கல்யாணம் செய்திருக்கிறாள். மகள் இத்திரில் சேர விரும்புகிறாள். அவள் கணவரையும் சேர்க்கலாமா? ஒரு பெரியவர் எழுந்து, அவருக்கு நம் மொழி தெரியாது, துக்க வீட்டில் என்ன செய்வார் என்று கேட்டார். இன்னொருவர், நம் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியுமா என்றார். சிரிப்பு. அவர் இறந்தால் உடலை எங்கே அனுப்புவது என்று பொருளாளர் கேட்டார்; ஒஹையோவுக்கு என்றாள் அந்தப் பெண், அடிஸ் அபாபாவைவிடச் செலவு குறைவுதான். அரை மணி நேரம் விவாதம் ஓடியது. முடிவில் சேர்த்துக்கொள்வது என்று கை தூக்கினார்கள். சந்தா மற்றவர்களுக்கு உள்ளதே. அவர் இறுதிச் சடங்குக்கு வராவிட்டால் அபராதம் உண்டா என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். செயலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உண்டு என்று சொல்லி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.